அம்மா எழுதாமல் விட்ட சீட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போன வாரம்தான் போனில் சொன்னாய். அதையே திரும்பக் கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. போனில் பேசினால் நீ "சரிக்கா, பாக்கலாம்க்கா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

கிளினிக் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே எங்கள் பல் டாக்டர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. சட்டப்படி அண்ணனுக்கு அம்மாதான் காப்பாளர். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குக் காப்பாளரா என்று கேட்காதே, காகிதத்தில் அப்படித்தான். இப்போது அந்த இடத்துக்கு நான் வர வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் அது முடியாவிட்டால், அவன் அட்டைப்பெட்டி மடிக்கப் போகிறானே அந்தப் பயிற்சி மையத்தில், அவன் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்கே சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு வாசலில் நிற்பவன் அவன். அந்த இடம் போனால் அவனுக்கு என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

படிவம் இத்துடன் இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். "இவர் என் அண்ணன், என் அக்கா இவருக்குக் காப்பாளராக இருக்க எனக்குச் சம்மதம்", அவ்வளவுதான். சாட்சியாக உன் மனைவியே போடலாமாம்.

இன்னொரு கூத்தையும் கேள். அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த பழைய சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அண்ணனோடு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இது, சர்டிபிகேட் மேல சீட்டு ஒட்டினது?" என்றார். அண்ணனுக்கு என்ன குறை என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் அம்மா ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டி, அதன்மேல் தன் கையால் ஏதோ எழுதி வைத்திருக்கிறாள். மருந்துக் கம்பெனியில் நாற்பது வருஷம் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிய கை ஆயிற்றே. ஒரு மூலை தூக்கவில்லை.

அண்ணன்தான் மிடுக்காகச் சொன்னான். "அம்மா ஒட்டினாங்க. பசை நான் கலக்கினேன்."

"கீழ இருக்கிறது தெரியாம நான் ஏத்துக்க முடியாதும்மா. பிரிச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பல் வந்துவிட்டது போலிருக்கிறது, உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. சீக்கிரம் அனுப்பு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்க்கும்
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் நல்ல செய்தி. நீ அத்தை ஆகப்போகிறாய். நான்காவது மாதம் நடக்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து என்பதால் கொஞ்சம் நிலைக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

வேலை எப்போதும் போலத்தான். ஒரு இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் கிடக்கிறேன்.

படிவத்தைப் பார்த்தேன். அக்கா, தப்பாக நினைக்காதே. இவளுக்கு இந்தச் சமயத்தில் மனம் அலைபாயக் கூடாது என்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து என்று இதை அவள் முன்னால் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடப் பிறந்தவர்கள் என்ற இடத்தில் நீ ஒருத்தி மட்டும் என்று எழுதிக்கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்களா? நான் எங்கோ இருக்கிறேன். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

அண்ணன் நன்றாக இருக்கிறான் இல்லையா?

அன்புடன்
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை ஆகப்போகிறேன் என்ற வரியைப் படித்துவிட்டு, பல் வலியோடு காத்திருந்த ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டேன். அதில் ஒருவர் வீங்கிய கன்னத்தோடு வாழ்த்தினார். உன் மனைவியை நன்றாகச் சாப்பிடச் சொல். படியில் ஏறி இறங்க விடாதே, லிஃப்ட்காரன் வீட்டில் அதற்குப் பஞ்சமா?

அந்த மகிழ்ச்சியில் கடிதத்தின் மீதியை இரண்டு நாள் படிக்காதது போல இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டிச் சீட்டுகளை எடுக்க உட்கார்ந்தேன். அண்ணன் விடவில்லை. "அம்மா ஒட்டினது, எடுக்காத" என்று தகரப் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். கிழிக்க மாட்டேன், பத்திரமாக வைப்பேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் எழுந்தான்.

முதல் காகிதம் அவனுக்கு நான்கு வயதில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதில் ஆங்கிலத்தில் இம்பெசில் என்று இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கம்பெனி கம்பவுண்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு "என்னமோ வியாதிப் பேரும்மா" என்றிருக்கிறார். அப்புறம் பத்துப் பதினைந்து வருஷம், கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா, "எம்பிள்ளைக்குச் சின்னதுல இம்பெசில்னு ஒரு காய்ச்சல் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எட்டாவது படிக்கும்போது அகராதியில் பார்த்தேன். முட்டாள் என்று போட்டிருந்தது. பெரிய மேதாவி மாதிரி ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதல் சீட்டை அன்றைக்குத்தான் ஒட்டியிருக்க வேண்டும். அதில், "நாலு வயசிலேயே செருப்பைத் தானே போட்டான்" என்று எழுதியிருக்கிறாள்.

அடுத்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. "மந்தபுத்தி. சேர்க்க இயலாது." அதன்மேல் அம்மா, "இரண்டு பாட்டு முழுசாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறாள். பிறகு வந்த அட்டையில் மூளை வளர்ச்சி குன்றியவர் என்று இருக்கிறது. அம்மாவின் சீட்டு, "பாட்டில்களைத் துடைப்பான். ஒரு பொட்டுத் தூசி இருக்காது. எண்ண வராது, ஆனால் ஒன்று குறைந்தால் கண்டுபிடிப்பான்."

அதற்குப் பிறகு ஒரு சான்றிதழ், மனவளர்ச்சி குன்றியவர், நடுத்தரம் என்று. அப்போது உனக்கு ஏழு வயது. அதன்மேல் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? "தம்பியைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விடுவான். பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே போய் நிற்பான்."

கடைசியாக வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அறிவுசார் குறைபாடு உடையவர் என்று இருக்கிறது. அதன்மேல் ஒட்டவில்லை. ஆனால் அளவாக வெட்டிய வெற்றுச் சீட்டு ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது. இந்தச் சொல் பரவாயில்லை என்று விட்டுவிட்டாளோ, கண் தெரியாமல் போய்விட்டதோ, தெரியவில்லை.

ஈரச் சீட்டுகளை அண்ணனே சமையலறை ஜன்னல் கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைத்துவிட்டான். தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் டீ போடுகிறேன்.

கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்று எழுதச் சொல்கிறாய். போன வருஷம் உன் மனைவி போனில், "நீங்க ரெண்டே பேர்தானே, அதான் இவ்வளவு பாசம்" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன். உன் குடும்பத்தில் என்னால் ஒரு சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது என் தப்பு. ஆனால் கையெழுத்துப் போட்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் ஆகாது.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் அந்த நான்காவது சீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பில் பையன்கள் கேட்டார்கள், "கேட்ல நிக்கிறாரே, யாருடா அது?" என்று. "எங்கம்மா கம்பெனியில வேலை செய்யுறவரு" என்றேன். அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு எப்போதும் போலச் சிரித்தான். அவனுக்குப் புரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ஆரம்பித்தது அக்கா. கல்யாணப் பேச்சு வந்தபோது, "ஒரே அக்கா" என்று வாயில் தானாக வந்துவிட்டது. இவள் ஊரில் நடந்த கல்யாணத்துக்கு அவன் வராமலும், பிறகு இவள் நம் வீட்டுப் பக்கம் வராமலும் பார்த்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. போன மாதம் டாக்டரிடம் போனோம். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. தெருவில் கேட்டதெல்லாம் லூசு, மக்கு. சான்றிதழில் இருந்தது எது என்று நினைவில் இல்லை. "யாருக்கும் இல்லை" என்றேன். அவர் ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

உன் கடிதம் வந்த பிறகு நூலகத்துக்குப் போய் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து படித்தேன். அந்தக் காலத்து டாக்டர்கள் மாடி எண் மாதிரி மூன்று படி வைத்திருந்திருக்கிறார்கள். வயது எவ்வளவு ஆனாலும் மனம் இரண்டு மூன்று வயதுக்குக் கீழே நின்றுவிட்டால் இடியட், ஏழு வயது வரை என்றால் இம்பெசில், பன்னிரண்டு வரை என்றால் மோரான். திட்டுவதற்காக வைத்ததில்லை, மருத்துவச் சொற்கள். பாடப்புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அவை தெருவுக்கு வந்து வசவான பிறகு ரிடார்டட் என்று மாற்றினார்கள். மெதுவாக வளர்பவர் என்ற பொருளில், மரியாதைக்காக. அதையும் பள்ளிக்கூடப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் போயிற்று. இப்போதைய சொல்லும் இன்னும் இருபது வருஷத்தில் என்ன ஆகுமோ. எந்தச் சொல்லைத்தான் நான் அந்த டாக்டரிடம் சொல்லியிருப்பது, நீயே சொல்.

படிவம் என் பையில்தான் இருக்கிறது. மடித்து மடித்து ஓரம் நைந்துவிட்டது.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து இவ்வளவு படித்துவிட்டு எந்தச் சொல் என்று என்னைக் கேட்கிறாய். "அண்ணன்" என்று சொல்லியிருக்கலாமேடா. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று ஆரம்பித்திருந்தால் மீதியை அந்த டாக்டரே கேட்டிருப்பார். சொல் கிடைக்காமல் நீ வாயை மூடவில்லை. வெட்கம் உனக்கு. அதை ஒத்துக்கொள், பாதி பாரம் குறையும்.

சொற்கள் எல்லாம் கெட்டுப்போகும் என்று பெருமூச்சு விடுகிறாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சீட்டு எடுத்த சான்றிதழ்களோடு நேற்று மறுபடி அந்த அதிகாரி அம்மாளிடம் போனேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "முன்னெல்லாம் இந்த ஃபாரத்துல இவருக்கு என்னென்ன முடியாதுன்னு மட்டும்தான் கேட்போம். இப்ப எதுக்கு உதவி வேணும்னு கேக்கிறோம், பாருங்க" என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்து, "ஐயா, நீங்களே சொல்லுங்க, எதுக்கு உதவி வேணும்?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து அவனிடமே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் நன்றாக யோசித்தான். "பஸ் நம்பர் படிக்க" என்றான். அவர் எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து மந்தபுத்தியில் இருந்து இதுவரை வந்திருக்கிறோம் தம்பி. சொல் மாறினால் ஒன்றும் ஆகாது என்று என்னிடம் சொல்லாதே. யாரோ மல்லுக்கட்டித்தான் மாற்றியிருக்கிறார்கள். நம் வீட்டில் அம்மா மாவுப் பசையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள்.

உன் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. முப்பதாம் தேதி கடைசி. அதற்குள் வராவிட்டால், கூடப் பிறந்தவர் ஒருவர் பதிலளிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நீதிமன்றம், அது இது என்று நான் அலைந்துகொள்கிறேன். அண்ணன் அதுவரை வீட்டில் உட்கார்ந்திருப்பான். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்த பிறகு உனக்குக் கடிதம் எழுத என் கை வராது. மிரட்டுவதாக நினைக்காதே. என்னை எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த உறையைத் திறந்ததும் முதலில் படிவத்தைப் பார்த்திருப்பாய். ஆமாம், இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன. இனி நிதானமாகப் படி.

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று. இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று சொன்னால்தான் அவர்கள் பயந்து கதவை இடிப்பார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கும் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிவிட்டு எனக்கே முகம் சுட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் இவளிடம் சொன்னேன். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கார்."

நீ சொன்னது சரி. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மீதி எல்லாவற்றையும் அவளே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் டீயை என் முன்னால் டக்கென்று வைத்தாள். "ஏழு வருஷமா ஒரு மனுஷனை எங்கிட்ட இருந்து ஒளிச்சு வெச்சிருக்கே. நான் என்ன, அவரைக் கடிச்சா தின்னுடுவேன்? உங்கம்மா காரியத்துக்கு நீ மட்டும் போனியே, அங்கயும் அவர் இருந்தார் இல்ல?" என்றாள். இருந்தான் என்றேன். "அவர் என்னைக் கேட்டாரா?" என்றாள். அக்கா, கேட்டான். "உன் வீட்டுக்காரி எங்க?" என்று மூன்று நாளும் கேட்டான். அதைச் சொன்னதும் அழுதுவிட்டாள். நானும்தான்.

டாக்டரிடம் அவளே இழுத்துக்கொண்டு போனாள். "போன தடவை இவர் தப்பாச் சொல்லிட்டாரு, திருத்தணும்" என்றாள். அவர் நாலைந்து கேள்வி கேட்டார், ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் இத்தனை வருஷம் பயந்தது அவருக்கு ஐந்து நிமிஷ வேலை. என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். முதலில் "தந்தையின் அண்ணன்" என்று போட்டுவிட்டு, அதன் பிறகுதான் மற்றதை எழுதினார்.

சாட்சிக் கையெழுத்துப் போடும்போது இவள் பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், நம் பிள்ளை அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று. பதில் சொன்னேன். அதை நீதான் அண்ணனிடம் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வரும்.

அக்கா, கோபம் தீர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

உன்
தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கும், தம்பியின் வீட்டுக்காரிக்கும்,

உறை இருபத்தாறாம் தேதி வந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே ஓடினேன். பல் வலிக்காரர்கள் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார், நல்ல மனுஷன். அதிகாரி அம்மாள் எல்லாக் கையெழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து முத்திரை குத்தினார். அண்ணனுடைய இடம் அவனுக்கே. புதுச் சான்றிதழும் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு. கொடுக்கும்போது, "இதுமேல எதையும் ஒட்டிடாதீங்கம்மா" என்று சிரித்தார். சான்றிதழ்மேல் ஒட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "தம்பிக்குக் குழந்தை பிறக்கப் போகுது. நீ பெரியப்பா."

"அது வேலையா?" என்று கேட்டான்.

ஆமாம், பெரிய வேலை என்றேன்.

"கார்டுல எழுதியிருக்கா?"

இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. அவனே போய்க் கிண்ணத்தில் மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பசை கலக்க ஆரம்பித்துவிட்டான். அம்மா வெட்டி வைத்துவிட்டுப் போன அந்த வெற்றுச் சீட்டை எடுத்துப் "பெரியப்பா" என்று எழுதினேன். சான்றிதழ்மேல் ஒட்டவில்லை, பிளாஸ்டிக் உறையின்மேல்தான் ஒட்டினோம், அதனால் வாக்குத் தவறவில்லை. அம்மா மாதிரி எனக்கு ஒட்ட வராது, நடுவில் ஒரு குமிழி விழுந்துவிட்டது. அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாட்டிலைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தான்.

பள்ளிக்கூட கேட்டில் நீ சொன்னது அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டிருந்தாய் இல்லையா? நான் அவனிடம் கேட்கவில்லை. நீ வந்து கேள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் அதையும் நேரில் கேள்.

குழந்தை எப்போது வரும் என்றான். பிறந்து, இங்கே வருவதற்கு இன்னும் ஆறேழு மாதமாவது ஆகும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மாதம் எல்லாம் அவனுக்குக் கணக்கில்லை. மையத்தில் இருந்து வந்ததும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு தினமும் வாசலில் போய் நிற்கிறான். இன்றைக்கு இல்லை, உள்ளே வா என்று கூப்பிட்டால், "விடுற நேரத்துக்கு முன்னாடியே நிக்கணும்" என்கிறான்.

அவனை அதிக நாள் நிற்கவைக்காதீர்கள்.

கோபம் தீர்ந்துபோன
அக்கா